நகைச்சுவை ஆர்பிஜி பாதியில் நின்றால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் நகைச்சுவை ஆர்பிஜி (கதாநாயகனாகப் பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டு) விளையாட்டுகளைப் பெரும்பாலும் தனி ஒருவரோ ஒரு சிறு குழுவோதான் உருவாக்குகிறார்கள். ஆர்பிஜி மேக்கர், கேம்மேக்கர், யூனிட்டி, கோடோ போன்ற ஆயத்த எஞ்சின்களின் (விளையாட்டை உருவாக்க உதவும் மென்பொருள்கள்) மேல் அவை கட்டப்படுவதால், கதையும் கதாநாயகனும் மாறினாலும் கோளாறுகள் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகின்றன. நண்பர்களுக்கும் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இவற்றைச் சரிசெய்து கொடுத்ததில் கண்டவற்றை அறிகுறி வாரியாகக் கீழே பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலிலும், சிரமமான வழி கடைசியிலும் வரும்.

எந்த அறிகுறியானாலும், எதையும் தொடுவதற்கு முன் சேமிப்புகள் உள்ள கோப்புறையை முழுவதுமாக வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அது எங்கே இருக்கும் என்பது சேமிப்பு பற்றிய பகுதியில் உள்ளது. விளையாட்டை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதுதான் பலருக்கு முதலில் தோன்றும் வழி. ஆர்பிஜி மேக்கர் விளையாட்டுகளில் சேமிப்புகள் விளையாட்டின் கோப்புறைக்குள்ளேயே இருப்பதால், கோளாறு போகிறதோ இல்லையோ, அதுவரை விளையாடிய அத்தனையும் போய்விடக்கூடும்.

அறிகுறி: பிழைச் செய்தி வருகிறது; அது நிஜமா வேடிக்கையா என்று தெரியவில்லை

இந்த வகை விளையாட்டுக்கே உரிய சிக்கல் இது. மந்திரவாதி மந்திரத்தைத் தப்பாகச் சொன்னதும் திரை நீலமாகிவிடுவது, மரக்கத்திக்குக் கடைக்காரர் பத்து லட்சம் பொற்காசு கேட்பது, கதாநாயகன் ‘இன்றைக்குச் சண்டை வேண்டாம்’ என்று கட்டளையை மறுப்பது ஆகியவை எல்லாம் எழுதியவர் வேண்டுமென்றே வைத்தவையாக இருக்கலாம். இதைப் பழுது என்று நம்பி, வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பிக்கப் புறப்பட்டவர்கள் உண்டு.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பின்னணி இசை தொடர்ந்து ஒலித்தால் அது அநேகமாக வேடிக்கைதான். இசை நின்றிருந்தால் அம்பு விசைகளையும் என்டரையும் அழுத்திப் பார்க்கவும். செய்தி அதற்கு ஏற்ப நகர்ந்தாலோ மறைந்தாலோ அது கதையின் பகுதி. நிஜப் பிழை எப்படி இருக்கும் என்பது எஞ்சினைப் பொறுத்தது. ஆர்பிஜி மேக்கரின் விஎக்ஸ் ஏஸ் பதிப்பில் அது விண்டோஸின் தனிச் சாளரமாக எழும். எந்த ஸ்கிரிப்ட், எத்தனையாவது வரி என்று சொல்லும். ‘சரி’ பொத்தானை அழுத்தியதும் விளையாட்டு மூடிவிடும். அதே ஆர்பிஜி மேக்கரின் எம்வி பதிப்பில் நிஜப் பிழையும் விளையாட்டுத் திரைக்குள்ளேயே வருவதுதான் குழப்பத்துக்குக் காரணம்: பின்னால் உள்ள காட்சி மங்கிக் கலங்கலாகும், நடுவில் பிழையின் பெயர் மஞ்சளிலும் அதன் கீழே விளக்கம் வெள்ளையிலும் தோன்றும், இசை அறவே நின்றுவிடும், எந்த விசைக்கும் அசைவிருக்காது. மொழிநடையும் ஒரு சான்றுதான். நிஜப் பிழைச் செய்தி வறண்டிருக்கும். அதில் சுவையான வாக்கியம் ஒன்று இருந்தால் அதை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

விளையாட்டு தானாக மூடிக்கொள்வதும் கதையாக இருக்கக்கூடும். 2015இல் வெளிவந்த அண்டர்டேல் விளையாட்டில் முக்கியமான ஓர் இடத்தில் விளையாட்டே மூடிக்கொள்ளும். திரும்பத் திறந்தால் கதை அங்கிருந்து தொடரும். எனவே மூடிக்கொண்ட விளையாட்டை ஒருமுறை திறந்து பார்க்கவும். முகப்புத் திரையிலோ தொடக்கக் காட்சியிலோ ஏதாவது மாறியிருந்தால் தொடர்ந்து விளையாடலாம். எதுவும் மாறாமல், அதே இடத்தில் மறுபடியும் மூடினால் அது பழுதுதான்.

அறிகுறி: விளையாட்டு திறக்கவே இல்லை

*இரட்டைச் சொடுக்கிய பிறகு எதுவுமே நடக்கவில்லை என்றால்*

பதிவிறக்கிய ஜிப் கோப்பைப் பிரிக்காமல், அதற்குள்ளிருந்தபடியே விளையாட்டை இயக்கப் பார்ப்பதுதான் மற்ற எல்லாக் காரணங்களையும்விட அதிகம். ஜிப்பின் மேல் வலது சொடுக்கு செய்து, எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, பிரிந்த கோப்புறையிலிருந்து இயக்க வேண்டும். பிரித்த பிறகும் திறக்கவில்லை என்றால் கோப்புறை இருக்கும் இடத்தைப் பார்க்கவும். கோப்புறைக்குள் கோப்புறை என்று ஆழத்தில் இருந்தால் விண்டோஸின் 260 எழுத்துப் பாதை வரம்பைத் தாண்டிச் சில கோப்புகள் பிரியாமலே போயிருக்கலாம். பாதையில் தமிழ் எழுத்துகள் இருந்தாலும் சில பழைய எஞ்சின்கள் தடுமாறும். பயனர் பெயரையே தமிழில் வைத்திருப்பவர்களுக்கு டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் இரண்டுமே இந்தப் பாதைக்குள் வந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. டிரைவின் மேல்மட்டத்தில் ஆங்கில எழுத்தில் சிறு பெயருடன் ஒரு கோப்புறை உருவாக்கி, அங்கே மாற்றினால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீரும்.

அடுத்து ஆன்டிவைரஸின் தனிமைப்படுத்தல் பட்டியலைத் திறந்து, விளையாட்டின் இயக்கக் கோப்பு அதில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவும். லினக்ஸில் ஜிப்பிலிருந்து பிரித்த கோப்புக்கு இயங்கும் அனுமதி இல்லாமல் இருப்பது வழக்கம். கோப்பின் பண்புகளில் அந்த அனுமதியைக் கொடுத்தால் போதும்.

*இயங்குதளம் எச்சரித்துத் தடுத்தால்*

கோப்புகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடுவது பணம் செலவாகும் காரியம். இலவசமாகத் தரும் விளையாட்டுக்கு அதைச் செய்பவர்கள் குறைவு. அதனால் விண்டோஸ் நீலச் சாளரம் ஒன்றைக் காட்டித் தடுக்கும். அதில் ‘மோர் இன்ஃபோ’ என்பதைச் சொடுக்கினால்தான் ‘ரன் எனிவே’ பொத்தான் தெரியும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ் பகுதியில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் சென்று, கீழே உள்ள ‘ஓபன் எனிவே’ என்பதை அழுத்த வேண்டும். உருவாக்கியவரின் சொந்தப் பக்கத்திலிருந்தோ, ஸ்டீம், இட்ச்.ஐஓ ஆகிய விளையாட்டு விற்பனைத் தளங்களில் உள்ள அவருடைய பக்கத்திலிருந்தோ இறக்கியிருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம். வேறெங்கோ இலவசமாகக் கிடைத்த நகல் என்றால் எச்சரிக்கையை மதித்து நீக்கிவிடுவதே நல்லது.

மேக்கில் இன்னொரு கிளையும் உண்டு. 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா பதிப்பிலிருந்து 32-பிட் செயலிகள் இயங்குவதே இல்லை. பழைய விளையாட்டு 32-பிட்டாக மட்டும் இருந்தால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. உருவாக்குநர் புதிய பதிப்பு வெளியிட்டிருக்கிறாரா என்று மட்டும் பார்க்கவும்.

*ஒரு கோப்பு இல்லை என்று பெயர் சொல்லி வந்தால்*

அந்தப் பெயரில்தான் விடை இருக்கிறது. ‘ஆர்டிபி’ இல்லை என்றால் அது ஆர்பிஜி மேக்கரின் பொதுப் படங்களும் ஒலிகளும் அடங்கிய தொகுப்பு; விஎக்ஸ் ஏஸுக்கானதை எஞ்சின் நிறுவனத்தின் தளத்திலிருந்து இலவசமாக நிறுவலாம். பெயர் ‘விசி ரன்டைம் 140’ என்றிருந்தால் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ தொகுப்பை நிறுவவும். 64-பிட் கணினியிலும் 32-பிட் விளையாட்டுக்கு 32-பிட் தொகுப்புதான் வேண்டும் என்பதால் இரண்டையுமே நிறுவிவிடுவது நல்லது. ‘எக்ஸ்இன்புட் 1_3’ என்றால் ஜூன் 2010 டைரக்ட்எக்ஸ் தொகுப்பு. காணாமல்போன டிஎல்எல் கோப்பை மட்டும் தனியாகத் தரும் தளங்களின் பக்கமே போக வேண்டாம்.

ஏதோ ஒரு படத்தின் பெயரைச் சொல்லி ‘ஃபெயில்ட் டு லோட்’ என்று வந்தால், ஸ்டீமில் வாங்கியவர்கள் லைப்ரரியில் விளையாட்டின் மேல் வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் பகுதிக்குச் சென்று கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லலாம். மற்றவர்கள் ஜிப்பை மறுபடி இறக்கிப் பிரிக்க வேண்டும். லினக்ஸிலோ, லினக்ஸில் ஓடும் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கிலோ மட்டும் இந்தச் செய்தி வருகிறதென்றால் காரணம் வேறு: ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வெவ்வேறு. கோப்புறைக்குள் சென்று, படத்தின் பெயரைச் செய்தியில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் விளையாட்டு தொடரும். இது உருவாக்குநர் திருத்த வேண்டிய பிழை என்பதால் அவருக்கும் ஒரு வரி எழுதிவிடவும்.

*கருந்திரை மட்டும் தெரிந்தால்*

ஒரு நிமிடம் காத்திருக்கவும். பிறகு முழுத்திரையிலிருந்து வெளியே வந்து பார்க்கவும்: ஆர்பிஜி மேக்கரின் எம்வி, எம்இசட் பதிப்புகளில் எஃப்4, விஎக்ஸ் ஏஸில் ஆல்ட்டும் என்டரும். அதுவும் உதவாவிட்டால், இரண்டு கிராஃபிக்ஸ் சிப்கள் உள்ள லேப்டாப்பில் விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பின் கிராஃபிக்ஸ் பகுதியில் இந்த விளையாட்டைச் சேர்த்து, வேறு சிப்பைத் தேர்ந்தெடுக்கவும். எம்இசட் விளையாட்டு வெப்ஜிஎல் (திரையில் படங்களை வரையும் தொழில்நுட்பம்) ஆதரவு இல்லை என்று சொன்னால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். புதுப்பித்த பிறகும் கருந்திரைதான் என்றால் மேற்கொண்டு நோண்டாமல் உருவாக்குநருக்கு எழுதவும்.

அறிகுறி: உரையாடலோ காட்சியோ முடிந்த பிறகு கதாநாயகன் நகரவில்லை

அதிகம் கேட்கப்படுவதும், மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்த அறிகுறிதான். முதலில் விளையாட்டு உறைந்துவிட்டதா, காட்சி மட்டும் சிக்கிக்கொண்டதா என்று பிரிக்க வேண்டும். திரையின் ஓரங்களைப் பார்க்கவும்: ஓடை நீர் அசைகிறதா, தீப்பந்தம் எரிகிறதா, ஊர்க்காரர் யாராவது நின்ற இடத்திலேயே காலை மாற்றிக்கொண்டிருக்கிறாரா?

*எதுவும் அசையவில்லை என்றால்* நிரல் நின்றுவிட்டது. மூடித் திறந்து, கடைசிச் சேமிப்பிலிருந்து தொடரவும்.

*நீர் அசைகிறது, எஸ்கேப்பை அழுத்தினால் மெனுவும் திறக்கிறது என்றால்* விளையாட்டு நன்றாகவே இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது. ஒற்றைக் கட்டம் அகலமுள்ள சந்தில் ஊர்க்காரர் ஒருவர் நடுவே வந்து நின்றிருப்பார். அவரிடம் பேசிப் பார்க்கவும், சற்றுக் காத்திருக்கவும். முடிந்தால் அந்த இடத்தை விட்டு வெளியேறித் திரும்ப வரவும். பெரும்பாலான விளையாட்டுகளில் பாத்திரங்கள் தங்கள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். எந்தத் திசையிலும் நகர முடியாமல் மெனு மட்டும் திறந்தால், ஊருக்குத் திரும்பும் மந்திரமோ பொருளோ கைவசம் இருக்கிறதா என்று பார்க்கவும். அந்த நிலையில் பழைய சேமிப்பின் மேல் சேமிக்கக் கூடாது. சேமிக்கத்தான் வேண்டுமென்றால் புதிய இடத்தில் சேமிக்கவும்.

*நீர் அசைகிறது, மெனு திறக்கவில்லை என்றால்* காட்சி இன்னும் முடியவில்லை என்றே விளையாட்டு நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆர்பிஜி மேக்கரில் ஒரு பாத்திரத்தை இன்ன இடத்துக்கு நடக்கச் சொல்லி, நடந்து முடியும்வரை காட்சியின் அடுத்த கட்டளைகளை நிறுத்திவைக்கலாம். நடக்கும் வழியில் யாராவது நின்றுவிட்டால், தடுத்தால் தாண்டிப் போ என்ற அமைப்பை உருவாக்குநர் தேர்ந்தெடுக்காதவரை, அந்தப் பாத்திரம் முடிவேயில்லாமல் மோதிக்கொண்டு நிற்கும். அரசர் அரியணையிலிருந்து இறங்கி வரும் வழியில் ஒரு கோழி நிற்கிறது. அந்தக் கோழி தானாக நகராத கோழி. அரசர் வந்து சேராமல் காட்சி முடியாது. நகைச்சுவை விளையாட்டில் இப்படி நின்றுவிட்டால் அதுவும் ஒரு நகைச்சுவை என்று எண்ணிக் கால் மணி நேரம் காத்திருப்பவர்கள் பலர். ஓரிரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை.

இதற்குப் பழைய சேமிப்பை ஏற்றுவதுதான் ஒரே வழி. எம்இசட் விளையாட்டில் உருவாக்குநர் அனுமதித்திருந்தால் தானியங்கிச் சேமிப்பு இடம் மாறும்போதும் சண்டை முடிந்ததும் நடக்கும் என்பதால், அது பெரும்பாலும் காட்சிக்குச் சற்று முன்னால் இருக்கும். ஏற்றிய பிறகு அதே காட்சியை வேறு விதமாகத் தொடங்க வேண்டும் என்பதுதான் முக்கியம்: இடப்பக்கத்திலிருந்து பேசியிருந்தால் வலப்பக்கத்திலிருந்து பேசவும், அலையும் பாத்திரங்கள் தூரத்தில் போகும்வரை காத்திருக்கவும், ஓடியபடி காட்சிக்குள் நுழையாமல் நடந்து நுழையவும், உரையாடலை வேகமாகத் தள்ளும் விசையைத் தொடாமல் ஒவ்வொரு வரியாகப் படித்துச் செல்லவும். இந்த மாற்றங்களில் ஏதோ ஒன்று பெரும்பாலும் வேலை செய்துவிடும். எல்லாம் செய்தும் அதே வரியில் நின்றால் அது எல்லோருக்கும் வரும் பிழை. அதற்கான திருத்தம் ஏற்கெனவே வெளிவந்திருக்கலாம் என்பதால் விளையாட்டின் பதிப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எழுதவும்.

அறிகுறி: சண்டையில் ஏதோ சரியில்லை

*எதிரியின் எச்பி (உயிர்ப் புள்ளிகள்) குறையவே இல்லை என்றால்*

தாக்குதலின் வகையை மாற்றிப் பார்ப்பது முதல் சோதனை. நெருப்புப் பூதத்தின் மேல் நெருப்பை வீசினால் பூஜ்யம் வருவது நியாயம்தான். சில விளையாட்டுகளில் எதிரிக்குக் குணமே ஆகிவிடும். அடுத்து, எதிரி ஒவ்வொரு சுற்றிலும் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்கிறதா, பின்னால் நிற்கும் கூட்டாளி குணப்படுத்துகிறதா என்று இரண்டு மூன்று சுற்றுகள் தாக்காமல் தற்காத்துக்கொண்டு கவனிக்கவும். மூன்றாவதாக, தாக்குதல் அல்லாத கட்டளைகள் ஏதேனும் இருக்கின்றனவா என்று பார்க்கவும். பேசு, கெஞ்சு, ஜோக் சொல் போன்ற கட்டளைகள் இந்த விளையாட்டுகளில் அலங்காரமாக இருப்பது அரிது. கத்தியால் முடியாத சண்டை பேச்சில் முடியும்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் ஒருமுறை தோற்றுப் பார்க்கவும். தோற்றாலும் கதை தொடரும்படி சண்டையை அமைக்க ஆர்பிஜி மேக்கரில் வசதி உண்டு. வெல்லவே முடியாத எதிரியிடம் அடி வாங்கி, சிறையில் கண்விழிப்பது நகைச்சுவை எழுத்தாளர்களுக்கு மிகவும் பிடித்த திருப்பம். மருந்து முழுவதையும் செலவழித்துப் போராடிய பிறகு தோற்பதைவிட, முன்னால் தனியாகச் சேமித்துவிட்டு, எதையும் செலவழிக்காமல் தோற்பது மேல். தோற்றதும் முகப்புத் திரை வந்தால் அது வெல்ல வேண்டிய சண்டை என்பது உறுதியாகிவிடும்.

*சண்டை நின்றுவிட்டால்*

யார் முறை என்பதைப் பார்க்கவும். நம் முறையாக இருந்தும் கட்டளைப் பட்டியல் தெரியவில்லை என்றால், விளையாட்டுச் சாளரத்தின் மேல் ஒருமுறை சொடுக்கவும். வேறு சாளரத்துக்கு மாறித் திரும்பியதில் விசைகள் அங்கேயே தங்கியிருக்கலாம். இரு தரப்பிலும் எல்லோரும் உறக்கத்தில் இருந்தால் சுற்றுகள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். சற்றுக் காத்திருந்தால் யாராவது விழிப்பார்கள். எதிரிகள் எல்லோரும் வீழ்ந்த பிறகும் சண்டை முடியாவிட்டால், திரையின் விளிம்பிலோ வேறோர் எதிரியின் பின்னாலோ மறைந்து நிற்பவர் உண்டா என்று இலக்குத் தேர்வுப் பட்டியலில் பார்க்கவும். படம் மறைந்திருந்தாலும் பெயர் பட்டியலில் வந்துவிடும். ஒரு குறிப்பிட்ட மந்திரத்தைப் பயன்படுத்தும்போது மட்டும் உறைந்தால், அந்த அசைவுக்கான படக் கோப்பு இல்லாமல் இருக்கலாம். கோப்புகளைச் சரிபார்க்கவும், அதுவரை அந்த மந்திரத்தைத் தவிர்க்கவும்.

*ஒவ்வொரு முறையும் தோல்விதான் என்றால்*

இது பழுது அல்ல என்றாலும், பழுது என்று சொல்லித்தான் வருகிறார்கள். குறுகிய விளையாட்டில் திரும்பத் திரும்பச் சண்டையிட்டு லெவல் ஏற்ற இடம் இல்லாமலே இருக்கலாம். கணக்கிட்டு வைத்த எதிரிகளோடு முடிந்துவிடும். அப்போது தீர்வு லெவலில் இல்லை. கடைசியில் வேண்டும் என்று பத்திரப்படுத்திய மருந்துகளில் இருக்கிறது. 2010இல் வெளிவந்த பிரெத் ஆஃப் டெத் 7 என்ற சிறு விளையாட்டில் சுற்றுக்குச் சுற்று எதிரிகளின் பலம் கூடிக்கொண்டே போகும். அத்தகைய அமைப்பில் பதுங்கி விளையாடுபவர் தோற்பார். பலமான மந்திரத்தை முதல் சுற்றிலேயே வீசுபவர் வெல்வார். சண்டையின் விதி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஒருமுறை எதிரியின் தாக்குதல் எண்களை ஒவ்வொரு சுற்றிலும் குறித்துக்கொண்டாலே கண்டுபிடித்துவிடலாம்.

தப்பி ஓட முடியவில்லை என்றால், அந்தக் கட்டளை மங்கலாக இருக்கிறதா என்று பார்க்கவும். மங்கலாக இருந்தால் அந்தச் சண்டையிலிருந்து ஓடவே முடியாது. தெளிவாக இருந்து தோல்வியடைந்தால் மறுபடி முயலவும். ஆர்பிஜி மேக்கரின் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் தப்பும் வாய்ப்பு பத்து சதவீதப் புள்ளிகள் கூடும்.

அறிகுறி: சேமிப்பு காணவில்லை

முதலில் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கவும். விஎக்ஸ் ஏஸில் அது இயக்கக் கோப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். எம்வியில் மூன்று டபிள்யூ எழுத்துகளால் பெயரிட்ட கோப்புறைக்குள், ‘சேவ்’ என்ற கோப்புறையில் இருக்கும். எம்இசட்டில் ‘சேவ்’ கோப்புறை நேரடியாகவே தெரியும். மற்ற எஞ்சின்கள் விண்டோஸில் பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவைப் பயன்படுத்துகின்றன: கேம்மேக்கர் அதில் லோக்கல் பகுதியையும், யூனிட்டி பொதுவாக லோக்கல்லோ பகுதியையும், கோடோ ரோமிங் பகுதியில் தன் பெயரிலுள்ள கோப்புறையையும் எடுத்துக்கொள்ளும்.

*கோப்பு இருக்கிறது, பட்டியலில் தெரியவில்லை என்றால்* அது எம்வி அல்லது எம்இசட் விளையாட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றில் ஒவ்வொரு சேமிப்புக்கும் தனிக் கோப்பு இருப்பதோடு, எல்லாவற்றுக்கும் பட்டியலாக ‘குளோபல்’ என்ற கோப்பும் இருக்கும். கணினி மாற்றும்போது ‘ஃபைல்1’ என்பதை மட்டும் எடுத்துவந்து ‘குளோபலை’ விட்டுவிட்டால், சேமிப்பு பத்திரமாக இருந்தும் பட்டியல் வெறுமையாகவே காட்டும். பழைய கணினியிலிருந்து அதையும் கொண்டுவந்து வைக்கவும். பழையது கிடைக்காவிட்டால் புதிய விளையாட்டு தொடங்கி, முதல் இடத்தில் சேமித்து, மூடி, உருவான ‘ஃபைல்1’ மேல் பழைய ‘ஃபைல்1’ஐ வைத்துத் திறக்கவும். பட்டியலில் புதிய விளையாட்டின் விவரம் தெரிந்தாலும் ஏற்றினால் பழையது வரும்.

*கோப்பே இல்லை என்றால்* விளையாட்டு இருமுறை நிறுவப்பட்டிருக்கிறதா என்று தேடவும். ஜிப்பைப் புதிதாகப் பிரித்து அதிலிருந்து விளையாடியிருந்தால் சேமிப்பு பழைய கோப்புறையில் இருக்கும். உலாவியில் விளையாடியிருந்தால் சேமிப்பு உலாவியின் தரவோடு இருக்கும். அந்தத் தரவை அழித்திருந்தாலோ தனிப்பட்ட சாளரத்தில் விளையாடியிருந்தாலோ மீட்க வழியில்லை. ஸ்டீமில் இரண்டு கணினிகளில் விளையாடுபவர்களுக்கு எந்தச் சேமிப்பை வைத்துக்கொள்வது என்று கேள்வி வந்தால், இரண்டின் தேதிகளையும் பார்த்துவிட்டு, உள்ளூர்க் கோப்புறையை நகல் எடுத்த பிறகே பதிலளிக்க வேண்டும். தேர்ந்தெடுக்காத பக்கம் அழிந்துவிடும்.

*ஏற்றியதும் பிழை வருகிறது, அதுவும் அப்டேட்டுக்குப் பிறகுதான் என்றால்* பழைய சேமிப்பில் இல்லாத ஒன்றைப் புதிய பதிப்பு தேடுகிறது. ஸ்டீமின் பிராப்பர்ட்டீஸில் பீட்டாஸ் பகுதியில் பழைய பதிப்பை உருவாக்குநர் விட்டுவைத்திருந்தால் அதற்கு மாறி விளையாட்டை முடித்துவிடலாம். இல்லாவிட்டால், மூன்று மணி நேர விளையாட்டில் சேமிப்பை ஒட்டுப்போடுவதைவிட முதலிலிருந்து தொடங்குவதே விரைவு.

அறிகுறி: விளையாடிக்கொண்டிருக்கும்போதே முகப்புத் திரைக்குப் போய்விடுகிறது

ஸ்டீமில் விஎக்ஸ் ஏஸ் விளையாட்டு என்றால் எஃப்12 விசையை அழுத்தினீர்களா என்று யோசிக்கவும். ஸ்டீமில் திரையைப் படம் பிடிக்கும் இயல்பான விசை அதுவே; அந்த எஞ்சினிலோ அது விளையாட்டை மறுதொடக்கம் செய்யும் விசை. நல்ல ஜோக்கைப் படம் பிடிக்கப் போய் ஒரு மணி நேர ஆட்டத்தை இழப்பது இப்படித்தான். ஸ்டீமின் அமைப்பில் படம் பிடிக்கும் விசையை வேறொன்றுக்கு மாற்றவும். எம்வி, எம்இசட் எஞ்சின்களில் எஃப்5 அதே வேலையைச் செய்யும்.

அறிகுறி: வேகம், ஒலி, எழுத்து, கன்ட்ரோலர்

பாத்திரங்கள் தலைதெறிக்க ஓடினால் மானிட்டரின் புதுப்பிப்பு வீதத்தை 60 ஹெர்ட்ஸுக்குக் குறைக்கவும். சில பழைய விளையாட்டுகள் 144 ஹெர்ட்ஸில் அதற்கேற்ப வேகமெடுக்கும். உலாவியில் ஒலி இல்லை என்றால் விளையாட்டுக்குள் ஒருமுறை சொடுக்கவும். அதுவரை உலாவிகள் ஒலியை அனுமதிப்பதில்லை. கதாநாயகனுக்குத் தமிழில் பெயர் தட்டச்சு செய்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால், விளையாட்டின் எழுத்துருவில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தில் பெயரிடுவதைத் தவிர வழியில்லை. கன்ட்ரோலரில் ஒருமுறை அழுத்தினால் இருமுறை நகர்ந்தால், விளையாட்டும் ஸ்டீமும் ஒரே பொத்தானைத் தனித்தனியாகப் படிக்கின்றன. அந்த விளையாட்டுக்கு மட்டும் ஸ்டீமின் கன்ட்ரோலர் வசதியான ஸ்டீம் இன்புட்டை அணைக்கவும்.

அறிகுறி: எந்த ஒழுங்கும் இல்லாமல் மூடிக்கொள்கிறது

ஒரே இடத்தில் மூடினால் விளையாட்டின் பிழை. வெவ்வேறு இடங்களில் மூடினால் கணினியின் பக்கம் பார்க்க வேண்டும். கோப்புகளைச் சரிபார்த்து, டிரைவரைப் புதுப்பித்து, பின்னணியில் ஓடும் மற்ற செயலிகளை மூடிப் பார்க்கவும். பிறகு வேறொரு விளையாட்டை ஒரு மணி நேரம் ஓட்டவும். அதுவும் மூடினால், அல்லது கணினியே மறுதொடக்கம் ஆனால், சூடு, நினைவகம், வட்டு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கலாம். இரு பரிமாணப் படங்களோடு ஓடும் சிறு ஆர்பிஜி கணினியை அவ்வளவு வேலை வாங்காது. அதற்கே தாங்கவில்லை என்றால் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு, வன்பொருள் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கவும்.

உருவாக்குநருக்கு எழுதுவதும் பணத்தைத் திரும்பக் கேட்பதும்

ஸ்டீமில் வாங்கிய விளையாட்டு திறக்கவே இல்லை என்றால் கால வரம்பை மனதில் வைத்துக்கொள்ளவும்: வாங்கிய 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணி நேரத்தைத் தாண்டாமல் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கருந்திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமும் விளையாடிய நேரமாகவே கணக்கில் ஏறும் என்பதால், சோதனை முடிந்ததும் விளையாட்டை மூடிவிடவும். விளையாட்டை முக்கால்வாசி முடித்து, சிரித்து மகிழ்ந்த பிறகு ஒரு கோழியைக் காரணம் காட்டிப் பணம் கேட்பது முறையல்ல என்பது என் கருத்து. எழுதினால் திருத்திக் கொடுக்கக்கூடியவர்களே இவர்கள்.

எழுதும்போது ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர் கேள்வி கேட்டே ஒரு வாரம் போய்விடும். முகப்புத் திரையில் உள்ள பதிப்பு எண், இயங்குதளம், எங்கிருந்து பெற்ற நகல், நின்ற இடத்துக்கு முந்தைய உரையாடல் வரி, அப்போது கதாநாயகன் எந்தப் பக்கத்திலிருந்து பேசினான், குழுவில் யார் யார் இருந்தார்கள் ஆகியவற்றைக் குறிப்பிடவும். பிழைச் செய்தியைச் சுருக்கிச் சொல்லாமல் படமாகவே இணைக்கவும். யூனிட்டி விளையாட்டில் லோக்கல்லோ கோப்புறையிலுள்ள ‘பிளேயர்’ பதிவுக் கோப்பையும் சேர்க்கவும். எல்லாவற்றையும்விட உதவுவது சேமிப்புக் கோப்புதான். ஆனால் அது சிக்கிக்கொண்ட பிறகு எடுத்ததாக இல்லாமல், காட்சி தொடங்குவதற்குச் சற்று முன் எடுத்ததாக இருக்க வேண்டும். அதை ஏற்றி நான்கு அடி நடந்தால் அவர் கண்முன்னாலேயே பிழை நிகழ வேண்டும்.